யாருடைய கணக்கில் நம் நினைவு?

காவிரிப் படுகையில் நடவுக்குப் போகும் பெண்கள் போனை பிளாஸ்டிக் பையில் சுற்றி, சாப்பாட்டுக் கூடைக்குள் வைத்துவிட்டுத்தான் வயலில் இறங்குகிறார்கள். அந்தச் சின்னப் பொருளுக்குள் மகளிர் குழுவின் தவணை ரசீதுகள் இருக்கின்றன. உரிமைத்தொகை வந்து சேர்ந்ததைச் சொல்லும் வங்கிக் குறுஞ்செய்தி, வெளிநாட்டில் இருக்கும் மகனின் குரல்பதிவு, இறந்துபோன அம்மாவின் ஒரே வண்ணப் படம் எல்லாம் அதில்தான். போன் சேற்றில் விழுந்து திரை இருண்டுபோனால் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி: "பேக்கப் இருக்காம்மா?" பெரும்பாலும் வரும் பதில்: "பையனைத்தான் கேக்கணும்."

இந்தப் பதிலை நாம் கல்வியறிவுக் குறைவு என்று நினைத்துக் கடந்துபோய்விடுகிறோம். ஆனால் இதில் ஒரு அறக்கேள்வி இருக்கிறது. ஒரு பெண்ணின் நினைவு பத்திரமாக இருக்கிறது என்றால், அது யாரிடம் பத்திரமாக இருக்கிறது?

பேக்கப் என்பது ஒரு பிரதி. போனில் உள்ளவற்றின் நகல் எங்கோ ஒரு நிறுவனத்தின் கணினியில், ஒரு கணக்கின் பெயரில் சேமிக்கப்படுகிறது. ஆண்ட்ராய்டு போன் என்றால் கூகுள் கணக்கு. இலவச இடம் 15 ஜிபி. புதுப் போனில் வாட்ஸ்அப் உரையாடல்களைக் கூகுள் பேக்கப்பிலிருந்து திரும்பக் கொண்டுவர அதே தொலைபேசி எண்ணும் வேண்டும், நகலைச் சேமித்த அதே கணக்கும் வேண்டும். 2021 முதல் அந்த நகலுக்குத் தனிக் கடவுச்சொல்லோ 64 இலக்கச் சாவியோ போட்டு மறையாக்கம் செய்யலாம். அந்தச் சாவி தொலைந்தால் நிறுவனத்தாலேயே திறக்க முடியாது. இரண்டு ஆண்டுகள் யாரும் தொடாத கூகுள் கணக்கை, அதில் உள்ளவற்றோடு அழித்துவிடும் நடைமுறையும் 2023 முதல் இருக்கிறது. ஆகவே காப்பது என்பது ஒருமுறை செய்து முடிக்கிற காரியம் இல்லை. எண், கணக்கு, கடவுச்சொல் மூன்றும் ஒருவர் கையில் தொடர்ந்து இருக்க வேண்டும்.

நம் வீடுகளில் இந்த மூன்றும் யாரிடம்? எண்ணுக்கு ரீசார்ஜ் செய்வது கணவர். கணக்கைத் திறந்தது மகன், அல்லது போன் விற்ற கடைப் பையன். கடவுச்சொல் மறந்துபோனால் ஓடிபி போகும் எண்ணும் மகனுடையதுதான். பொருள் அவள் கையில். உள்ளே இருப்பதைக் காக்கவும் திறக்கவும் அழிக்கவும் வேண்டிய சாவி வேறொருவர் கையில். நிலத்தில் வேலை அவளுடையது, பட்டா அவர் பெயரில் என்ற பழைய ஏற்பாடு இங்கே சத்தமில்லாமல் மறுபடி நடக்கிறது.

"வீட்டுக்குள்ளே என்ன ஒளிவுமறைவு? பெற்ற பிள்ளையை நம்பாமல் யாரை நம்புவது?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. சாவியை இன்னொருவரிடம் கொடுப்பதில் இழிவு எதுவும் இல்லை. கண் தெரியாத பாட்டி பேத்தியிடம் கடவுச்சொல்லைச் சொல்லி வைக்கிறாள், அது அன்பு. ஆனால் நம்பிக்கை என்பது ஒருவர் கொடுப்பது. கொடுக்காமல் இருக்கவும், கொடுத்ததைத் திரும்பக் கேட்கவும் முடிகிறபோதுதான் அதற்கு அந்தப் பெயர் பொருந்தும். சோதித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது: அவருடைய கடவுச்சொல் அவளுக்குத் தெரியுமா? தெரியாது என்றால், கேட்கக்கூடத் தோன்றியதில்லை என்றால், அங்கே இருப்பது பழக்கம். அதை நம்பிக்கை என்று அழைப்பது நமக்கு வசதியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

பிறர் கையில் இருக்கும் பிரதிக்கு என்ன நேரும் என்பதற்குத் தஞ்சாவூரிலேயே ஒரு வரலாறு உண்டு. மராட்டிய மன்னர் பிரதாபசிம்மர் (1739–1763) அவையில் இருந்த கணிகை முத்துப்பழனி, 'ராதிகா சாந்த்வனம்' என்ற தெலுங்குக் காவியத்தை எழுதினார். ராதையின் ஆசையையும் கோபத்தையும் ஒரு பெண் தன் குரலில் எழுதிய நூல் அது. அதன் முகப்பில் முத்துப்பழனி தன் வம்சத்தைச் சொல்லும்போது தன் குடும்பத்துப் பெண்களின் பெயர்களைச் சொன்னார். அவருடைய பாட்டி தஞ்சைநாயகியும் அவர்களில் ஒருவர்.

ஓலைச்சுவடி சில நூற்றாண்டுகளே தாங்கும். சிதையும் முன் புதிய ஓலையில் எழுதி வைக்க வேண்டும். அந்தக் காலத்துப் பேக்கப் அதுதான். எதைப் படியெடுப்பது, எதை விடுவது என்ற முடிவு மட்டும் எழுதியவரிடம் இல்லை. சுமார் ஒன்றரை நூற்றாண்டு கழித்து பெங்களூர் நாகரத்தினம்மாள் அந்த நூலைத் தேடினார். அவருக்கு முதலில் கிடைத்த அச்சுப் பிரதியில் பாடல்கள் விடுபட்டிருந்தன. சுவடியைத் தேடிப் பிடித்து, ஒப்பிட்டு, வெட்டப்பட்டதைத் திரும்பச் சேர்த்து 1910இல் பதிப்பித்தார். அது ஆபாசம் என்றார்கள் சீர்திருத்தவாதிகள். பெண்களுக்காக உழைத்த கந்துகூரி வீரேசலிங்கமும் அந்த நூலைப் பழித்தவர்களில் ஒருவர். ஆங்கில அரசு தடை விதித்தது. அந்தத் தடை நீங்க 1947 வரை ஆயிற்று. திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குத் தன் செல்வத்தைச் செலவிட்டுக் கோயில் எழுப்பிய நாகரத்தினம்மாளை ஊர் அறியும். இந்த மீட்புப் பணியை அந்த அளவுக்கு அறியாது.

இந்த வரலாற்றில் நமக்கு இரண்டு செய்திகள் இருக்கின்றன. பிரதி இருந்ததால்தான் முத்துப்பழனி பிழைத்தார் என்பது ஒன்று. பிரதி இருந்தும், அதை வைத்திருந்தவர்கள் தாங்கள் விரும்பிய முத்துப்பழனியை மட்டும் வெளியே விட்டார்கள் என்பது மற்றொன்று. மீட்டெடுப்பவரின் கை, வெட்டும் கையாகவும் இருக்க முடியும். புதுப் போனில் எல்லாவற்றையும் ஏற்றித் தரும் மகன், "இதெல்லாம் எதுக்கும்மா, இடத்தை அடைக்குது" என்று அம்மா தோழிக்கு அனுப்பிய குரல்பதிவுகளை விட்டுவிடும்போது அவனுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. வெட்டிய பதிப்பாளர்களும் நல்லது செய்வதாகத்தான் நினைத்திருப்பார்கள்.

அப்படியானால் எல்லாவற்றையும் காப்பதுதான் பெண்ணியக் கடமையா? இங்கேதான் கேள்வி சிக்கலாகிறது. கல்லூரி மாணவி ஒருத்தியை நினைத்துக்கொள்வோம். அவள் போனில் இருக்கும் கணக்கே வீட்டு டேப்லெட்டிலும் இருக்கிறது. அவள் எடுக்கும் ஒவ்வொரு படமும் சிறிது நேரத்தில் வரவேற்பறையில் தெரியும். அழித்தாலும், பேக்கப் ஆன படம் 60 நாள் அந்தக் கணக்கின் குப்பைத்தொட்டியிலேயே இருக்கும். அவளுக்கு பேக்கப் என்பது காவல் இல்லை, கண்காணிப்பு. பேக்கப்பை நிறுத்திவைப்பதுதான் அவளுக்குப் பாதுகாப்பு. போன் உடைந்தால் எல்லாம் போகும் என்று தெரிந்தே அந்த இழப்பை ஏற்கிறாள்.

வரலாற்றில் காணாமல் போன பெண்களைத் தேடுகிற நமக்கு அழிப்பது என்ற சொல்லே உறுத்துகிறது. ஆனால் முத்துப்பழனி படிக்கப்படுவதற்காக எழுதினார். அம்மாவின் குரல்பதிவு படிக்கப்படுவதற்காகப் பேசப்பட்டது இல்லை. அவள் இறந்த பிறகு அந்தப் போனை மீட்டு, ஒவ்வொன்றாகக் கேட்கிற மகளின் ஏக்கம் உண்மையானது. அந்த ஏக்கமே உரிமை ஆகிவிடாது. காக்கும் உரிமையும் அழிக்கும் உரிமையும் ஒரே உரிமையின் இரண்டு பக்கங்கள். அழிக்க முடியாதவளுக்குக் காப்பதும் தன் செயல் இல்லை. அவளுக்காக யாரோ வைத்திருக்கிறார்கள், அவ்வளவே.

சட்டம் இங்கே எவ்வளவு தூரம் வரும்? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017இல் புட்டசாமி வழக்கில் சொன்னது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் திருத்தவும் அழிக்கவும் கேட்கும் உரிமையைத் தருகிறது. நமக்குப் பின் நம் தரவு உரிமைகளைப் பயன்படுத்த ஒருவரை நியமிக்கும் உரிமையும் அதில் உண்டு. ஆனால் தனிநபர் ஒருவர் சொந்த அல்லது வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தரவுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. குடும்பப் புகைப்படத் தொகுப்புக்கெல்லாம் சட்டம் வரக்கூடாது என்பது சரிதான். விளைவு என்னவென்றால், நிறுவனத்திடம் கேட்கக்கூடிய உரிமையை அவள் வீட்டுக்குள் கேட்க முடியாது. அங்கே அவளாகத்தான் பேச வேண்டும்.

பிறரே வேண்டாம் என்பதும் விடை ஆகாது. கஜா புயல் 2018 நவம்பரில் டெல்டாவைப் புரட்டிப்போட்டபோது, கூரை போன வீடுகளில் குடும்ப அட்டையும் சான்றிதழ்களும் சேர்ந்தே நனைந்தன. ஒரே இடத்தில் இருப்பது ஒரே அடியில் போகும். விதைநெல் காத்தவர்களுக்கு இது தெரியும். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் 170க்கும் மேற்பட்ட மரபு நெல் வகைகளை மீட்டபோது, நெல் திருவிழாவில் 2 கிலோ விதை வாங்கிப் போகிறவர் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. பல கைகளில் இருந்ததால்தான் விதை பிழைத்தது. அந்தக் கைகள் என்ன நிபந்தனையில் வாங்கின என்பது மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

நம் போன்களுக்கும் அப்படி ஒரு நிபந்தனை வேண்டும். கணக்கு நம் பெயரில், கடவுச்சொல் நாம் போட்டது, மீட்பு எண் நாம் தேர்ந்தவருடையது. உதவிக்குப் பிள்ளையை அழைக்கலாம். திரையில் என்ன வருகிறது என்று அருகில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே அழைக்கலாம். மகளிர் குழுவில் கணக்கு நோட்டை வரவழைத்துச் சரிபார்க்கிற அன்றைக்கு, ஆளுக்குப் பத்து நிமிடம் இதற்கும் ஒதுக்கலாம். நமக்குப் பின் யார் திறக்கலாம், எதைத் திறக்காமலே அழிக்க வேண்டும் என்பதை உயிரோடு இருக்கும்போதே ஒருவரிடம் சொல்லி வைக்கலாம். நம் அம்மாக்களிடம் அதைக் கேட்பதும் நம் வேலைதான். அவர்கள் சிரிப்பார்கள், "என் போன்ல என்னடி இருக்கு" என்பார்கள். பதிலுக்குக் காத்திருப்போம்.