இலை உதிர்க்கும் மறைப்பு

இங்கிலாந்தில் தோட்டத்தை மறைக்க மரம் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது, குளிர்காலத்திலும் இலை நிற்குமா என்பதைத்தான். அந்தக் கேள்வியால் கொடிகட்டிப் பறந்தது லேலண்டி சைப்ரஸ். 1888-இல் வேல்ஸின் லேட்டன் ஹாலில் தற்செயலாகப் பிறந்த கலப்பினம். ஆண்டுக்கு ஒரு மீட்டர் வரை வளரும். நிற்கச் சொன்னால் நிற்காது.

லண்டனில் டிசம்பர் கடைசியில் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 15 பாகைதான் எழும்பும். அந்த வெயிலில் 6 மீட்டர் உயர மரவேலியின் நிழல் 22 மீட்டர் நீளும். வேலிக்கு வடக்கே குடியிருப்பவருக்கு வெயில் கிடையாது. தகராறுகள் பெருகி, 2003-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றில் உயர்ந்த வேலிகளுக்கென்றே ஒரு பகுதி வைக்க வேண்டிவந்தது. 2 மீட்டருக்கு மேல் வளர்ந்து வெளிச்சத்தை மறிக்கும் மரவரிசைமீது உள்ளாட்சி மன்றத்தில் முறையிடலாம். ஆனால் அது பசுமை மாறா மரங்களுக்கும் அரைகுறையாக இலை உதிர்ப்பவற்றுக்கும் மட்டும். முழுக்க இலை உதிர்க்கும் மரத்தைச் சட்டம் தொடவில்லை. சட்டம் எழுதுகிறவர்களுக்கு மரம் பார்க்கத் தெரியும் என்று நான் எதிர்பார்த்ததில்லை!

என்னைக் கேட்டால், நிமிர்ந்து வளரும் ஹார்ன்பீம் என்ற இலையுதிர் மரம். களிமண்ணையும் கத்தரியையும் தாங்கும். வேலியாகக் கத்தரித்துத் தாழ்வாக வைத்தால், காய்ந்த இலைகள் பலவும் வசந்தம் வரை கிளையிலேயே ஒட்டியிருக்கும். அதில் 'ஃபாஸ்டிஜியாட்டா' வகை இளமையில் ஒல்லி, முதிர்ந்தால் 10 மீட்டர் வரைகூட அகலும். சிறிய இடத்துக்கு 'ஃப்ரான்ஸ் ஃபோன்டைன்' வகை போதும். லொம்பார்டி பாப்லர் மரத்தின் நெடுநெடுப்பில் மயங்கி அதை வீட்டோரம் நடுவது வினை. களிமண் நிலத்தில் அது நீரை உறிஞ்ச, மண் சுருங்கி அஸ்திவாரமே அசையும்.

மறைப்பு எப்போது வேண்டும்? தோட்டத்தில் நாற்காலி போட்டு உட்காரும் மாதங்களில். அப்போது ஹார்ன்பீம் இலை அடர்ந்து நிற்கிறது. பனிக்காலத்தில் வெளியே உட்காருவோர் யாருமில்லை. இருக்கும் கொஞ்ச வெயிலும் உள்ளே வந்தாக வேண்டும். இருந்தும் பன்னிரண்டு மாதமும் பச்சைச் சுவர் கேட்கிறோம். பிறர் கண் படக் கூடாது என்று தொடங்கும் ஆசை, பக்கத்தில் ஆள் இருப்பதே தெரியக் கூடாது என்பதில் போய் நிற்கிறது. அந்த இரண்டாவது ஆசையை இலையுதிர் மரம் நிறைவேற்றாது. வெறுங்கிளைகளின் ஊடே அடுத்த வீட்டு ஜன்னல் விளக்கு தெரியத்தான் செய்யும். அதனாலேயே அதை நான் விரும்புகிறேன்.

மண் ஒட்டாத வேர்க் கன்றுகளை நவம்பர் முதல் மார்ச் வரை நடலாம், விலையும் குறைவு. வாங்கும் முன், பக்கத்து வீட்டாரிடம் கேட்டுக்கொண்டு, ஒரு குளிர்கால நண்பகலில் வேலிக்கு அந்தப் பக்கம் போய் நின்று பாருங்கள்.