இஸ்தோப்பில் நின்று கேட்கிறாள்

பக்கத்து வீட்டுத் தங்கச்சி இப்போதெல்லாம் வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் நின்று, "பெரியம்மா, உள்ளுக்கு வரவா?" என்று கேட்கிறாளாம். அம்மா போனில் சொன்னார். புகாராகச் சொல்லவில்லை. மழை விடவில்லை, கருவாடு விலை கூடிவிட்டது என்பவற்றோடு சேர்த்து இதையும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். எனக்குத்தான் அன்றிரவு தூக்கம் போயிற்று.

விஷயம் சின்னது. அம்மா வட்டவளையில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் தனியாக இருக்கிறார். எனக்குக் கொழும்பில் வேலை. கொழுந்து எடுத்துவிட்டு வரும் அந்தத் தங்கச்சிதான் தண்ணீர் பிடித்து வைப்பாள், பிரஷர் மாத்திரையை எடுத்துக் கொடுப்பாள், கிளினிக் நாளில் ஆட்டோ பிடித்துக் கூட்டிப் போவாள். வருடக்கணக்காகச் சும்மா செய்து வந்தவளுக்கு, போன தீபாவளிக்குப் பிறகு மாதாமாதம் ஒரு தொகை கொடுக்கத் தொடங்கினேன். "என்னண்ணா, பெரியம்மாவுக்குச் செய்றதுக்குக் காசா?" என்று முதலில் மறுத்தாள். பிறகு வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் இந்த இஸ்தோப்புக் கதை.

லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதன் கனம் தெரியும். அங்கே வாசலில் நின்று கேட்டு உள்ளே வருகிறவர்கள் யார்? கணக்கப்பிள்ளை, மிட்வைஃப், கடன் கேட்டு வருபவர், தேர்தல் காலத்தில் தலைவர்மார். மற்றவர்கள் நேரே அடுப்படிக்கே வந்து நெருப்பெடுத்துப் போவார்கள். அவளும் அப்படித்தான் வந்து போய்க்கொண்டிருந்தாள். ஒருவேளை நான்தான் பெரிதுபடுத்துகிறேனோ? வட்டவளை இலங்கையிலேயே அதிகம் மழை விழும் ஊர்களில் ஒன்று. இடுப்பில் கட்டிய நனைந்த படங்கோடும் காலில் அட்டையோடும் எப்படி உள்ளே போவது என்று நின்றிருப்பாள். ஆனால் படங்கும் அட்டையும் போன வருடமும் இருந்தனவே.

இடையில் கண்டிப் பக்கம் ஒரு கட்டண முதியோர் இல்லத்தில் விசாரித்தேன். முன்பணம் தனி, மாதக் கட்டணம் தனி, மருந்து தனி. அவர்கள் கேட்ட முதல் கேள்வி: "அம்மா தனியா எழும்பி நடப்பாங்களா?" நடக்காவிட்டால் கட்டணம் கூடும். கூடை நிறையக் கொழுந்தோடு நாற்பது வருடம் மலை ஏறி இறங்கிய கால்களைப் பற்றி யாரோ விலை பேசுவதாகப் பட்டது. அவர்கள் கேட்டதில் தப்பில்லை. தூக்கிவிட ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும். எப்படிக் கூட்டிக் கழித்தாலும் என் சம்பளத்துக்கு அது கட்டாது.

அம்மாவிடம் என்ன இருக்கிறது? 1958-இல் வந்த சட்டப்படி, ஊழியர் சேமலாப நிதியான ஈபிஎஃப்புக்குக் கூலியில் 8 வீதம் பிடித்து, தோட்டம் 12 வீதம் போட்டது. அது மொத்தமாகக் கைக்கு வரும் காசு, மாதாமாதம் வருவதல்ல. அதுவும் வேலையை விட்டபோது வந்த சர்வீஸ் காசும் என் கூடப்பிறந்த தங்கையின் கல்யாணத்தோடு முடிந்தன. எழுபது தாண்டிய வசதியற்றவர்களுக்கு அரசு தரும் கொடுப்பனவு 2025-இல் 3,000 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. அதற்கு முந்திய வருடம் நிர்ணயித்த தோட்ட நாட்கூலி 1,350. கணக்குப் போட்டுப் பாருங்கள்: நாலு நாள் பேருக்குக்கூட, அதாவது கூலிக்குக்கூட, அந்த 5,000 காணாது.

சட்டமும் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரைப் பிள்ளைகள் கைவிடக் கூடாது என்கிறது; கைவிட்டால் பராமரிப்புச் சபையிடம் போய்ப் பணம் கேட்கலாம். அந்தச் சட்டத்தின்படி நான் யோக்கியன். பணம் கொடுக்கிறேனே. ஆனால் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றி அதில் பேச்சில்லை.

பள்ளிக்கூடத்தில் படித்த புறநானூற்றுப் பாட்டு ஒன்று பாதி ஞாபகத்தில் இருக்கிறது. தொடித்தலை விழுத்தண்டினார் பாடியது. மரக்கிளையிலிருந்து ஆழமான மடுவில் குதித்து, அடிமணலை அள்ளிக் காட்டிய இளமையை, கோலூன்றி நடுங்கும் ஒரு கிழவர் நினைத்துப் பார்க்கிறார். இருமலுக்கு நடுவே சில சொற்கள்தான் வருகின்றன. எங்கள் வாத்தியார் அதை உருகி உருகி நடத்தினார். இந்த வயதில் எனக்கு வேறொன்று தோன்றுகிறது. அந்தக் கிழவருக்கு யார் சோறு போட்டார்கள்? இருமும்போது தண்ணீர் கொடுத்தவர் மகனா, மருமகளா, அடுத்த வீட்டுப் பெண்ணா? எனக்கு ஞாபகமுள்ள பாட்டிலும் அந்த ஆள் இல்லை.

காசுதான் உறவைக் கெடுத்தது என்று முடிவு கட்டலாம் என்றால், தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக் காம்பராவின் ஆயம்மா குறுக்கே வந்து நிற்கிறார். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் அம்மா என்னை அங்கேதான் விடுவார். வரிசையாக ஏணைகள், பால்மா வாசனை, ஈரத்துணி. ஒரு கையால் ஓர் ஏணையை ஆட்டிக்கொண்டே மறுகையால் இன்னொரு பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிடுவார் ஆயம்மா. அவருக்கும் சம்பளப் பதிவான செக்ரோலில் பேர் விழும். சம்பளத்துக்குத்தான் எங்களை வளர்த்தார். அதனால் அந்தப் பாசம் பொய் என்று லயத்தில் ஒருவரும் சொன்னதில்லை. அவர் இறந்த அன்று அம்மா வேலைக்குப் போகவில்லை.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? ஆயம்மாவுக்குச் சம்பளம் கொடுத்தது தோட்டம். எங்களுக்கும் அவருக்கும் நடுவே கணக்கு இல்லை. தங்கச்சிக்குக் கொடுப்பது நான், அதுவும் அம்மாவின் மகன். வீட்டுக்காரன் கையால் சம்பளம் வாங்கியவள், வீட்டு வாசலில் நிற்கத்தானே செய்வாள்?

பிள்ளைக்குக் காம்பரா கட்டிய தோட்டம் வயசானவர்களுக்கு ஒன்று கட்டவில்லை. காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. தாய் மலைக்குப் போக வேண்டும், அதற்காகப் பிள்ளையை ஒருவர் பார்க்க வேண்டும். கொழுந்தெடுத்து முடித்தவரை யார் பார்த்தால் என்ன? இத்தனைக்கும் அவரைப் பார்த்துக்கொள்வதற்காக இன்றைக்குக் கொழுந்தெடுக்கும் ஒரு பெண் மலையைவிட்டு முன்னதாக இறங்குகிறாள். கிளினிக் நாளில் அவளுக்கு அரைப்பேர், அரை நாள் கூலிதான்.

வயசானவர்களுக்கும் லயத்துப் பக்கத்திலேயே ஓரிடம், அங்கே சம்பளத்துக்கு ஓர் ஆயம்மா என்று வந்தால், தங்கச்சி பழையபடி கேட்காமல் உள்ளே வருவாளா? எனக்குத் தெரியாது. ஒருவேளை, சம்பளம் வாங்கும் வேலை என்றானதும் தனக்கு ஒரு மரியாதை வந்துவிட்டதாக நினைத்துத்தான் நிற்கிறாளோ என்னவோ. அவளிடமே கேட்கலாம், கேட்டால் சிரித்து மழுப்புவாள்.

பணத்தை நிறுத்தப் போவதில்லை. அவள் இழக்கும் அரைப்பேருக்கு இப்போதைக்கு வேறு யாரும் ஈடு கொடுப்பதில்லை.