ஐயரம்மாவுக்கு எது ஒழுக்கம்?

எங்கம்மாவுக்கு ஒரு பேர் உண்டு. தாத்தா வைத்த பேர். அதைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அப்பா குருப்பட்டம் வாங்கிய நாளிலிருந்து அம்மா ‘ஐயரம்மா’. சேரியில் பிறந்து, பத்து வயசிலேயே நடவுக்குப் போனவருக்கு இப்படியொரு பட்டம். போப்பையர், ரேனியஸ் ஐயர் என்று வெள்ளைக்காரப் பாதிரிமாரை அழைத்த வழக்கத்தில் வந்த சொல் அது. வெள்ளைக்காரர் போய்விட்டார்கள், சொல் நின்றுவிட்டது. அந்தச் சொல்லோடு சேர்ந்து ஒரு நடத்தையும் எங்கம்மா தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

அந்த நடத்தையை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. பேராயம் கொடுத்த நியமனக் கடிதத்தில் அப்பா பேர் மட்டும்தான். சம்பளமும் அவருக்கு மட்டும்தான். வேலை மட்டும் ரெண்டு பேருக்கு. பெண்கள் ஐக்கிய சங்கத்தை நடத்தணும். ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகளுக்கு வசனம் சொல்லித் தரணும். பிள்ளை பெத்த வீட்டுக்கும் எழவு வீட்டுக்கும் ஐயரோடு போய் ஜெபிக்கணும். கமிட்டிக்காரர் எந்நேரம் வந்தாலும் காப்பி போடணும். இதெல்லாம் செய்ய வேண்டியவை. செய்யக் கூடாதவைதான் நீளம். பளிச்சென்ற சேலை கூடாது. சத்தமாச் சிரிக்கக் கூடாது. சந்தையில் நின்று பேரம் பேசக் கூடாது. கூலி வேலைக்குப் போகக் கூடாது. கூடப் பிறந்த அண்ணனே செத்தாலும் மாரடிச்சி ஒப்பாரி வைக்கக் கூடாது. ஐயர் வீட்டு அடுப்பில் பெரியகறி வேகக் கூடாது, நாலு சாதிக்காரர் வந்துபோற இடம். அதைச் சொன்ன கமிட்டிக்காரர் வீட்டு எரவாணத்துல உப்புக்கண்டம் தொங்கும். அது வேற.

இந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது? கேட்டால் ‘வேதத்திலிருந்து’ என்பார்கள். சரி, வேதத்தையே திறப்போம். சபை ஊழியருக்கான தகுதிகளைச் சொல்லும் இடம் முதலாம் தீமோத்தேயு மூன்றாம் அதிகாரம். அங்கே பெண்களுக்கென்று இருப்பது ஒரே ஒரு வசனம், 11-ஆம் வசனம். அது கேட்பது நாலு காரியம்: நல்ல நடத்தை, அவதூறு பேசாமை, தெளிந்த புத்தி, எல்லாவற்றிலும் உண்மை. அவ்வளவுதான். சந்தையும் அடுப்பும் சிரிப்பும் அதில் இல்லை. முந்தின அதிகாரத்தில் பொன்னும் முத்தும் விலையுயர்ந்த உடையும் வேண்டாம், அமைதியாயிருந்து கற்றுக்கொள் என்று இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, நான் மறைக்கவில்லை. பொன்னும் முத்தும் உள்ளவர்களுக்குச் சொன்னதை, மாற்றுச் சேலை ரெண்டு வைத்திருந்தவளுக்கு எதற்குச் சொல்கிறீர்கள் என்பதுதான் என் கேள்வி. அந்த அமைதி வசனத்தோடு எனக்குத் தனியே ஒரு வழக்கு இருக்கிறது. அதற்கு இக்கட்டுரையின் முடிவில் வருகிறேன்.

தமிழ் படித்தவள் என்பதால் சபையின் பட்டியல் எனக்கு வேறு இடத்தில் பார்த்த முகமாகத் தெரிகிறது. அச்சம், நாணம், மடம். தொல்காப்பியக் களவியல் பெண்ணுக்கு உரியவை என்று விதித்த மூன்று. தீமோத்தேயு கேட்பது தெளிந்த புத்தி. மரபு கேட்பது மடம். மடம் என்றால் தெரிந்தும் தெரியாததுபோல் இருப்பது. ஒரு பெண் இந்த ரெண்டையும் ஒரே நேரத்தில் கடைப்பிடிக்க முடியுமா? சபை, பீடத்திலிருந்து தீமோத்தேயுவை வாசிக்கிறது. படியிறங்கியதும் தொல்காப்பியரைக் கடைப்பிடிக்கிறது.

‘ஒழுக்கம்’ என்கிற சொல்லும் வெறுங்கையோடு சபைக்குள் வரவில்லை. குறளின் ஒழுக்கமுடைமை அதிகாரம் ஒழுக்கத்தைக் குடிமையோடு சேர்த்துக் கட்டுகிறது. அது தவறினால் இழிந்த பிறப்பு என்கிறது. பிறப்பு அல்ல, நடத்தையே குடியை உண்டாக்கும் என்று அதற்கு நல்ல பொருளும் கொள்ளலாம். ஊர் அதைத் தலைகீழாகப் படிக்கிறது. சேரியில் பிறந்தவளா, அப்போ ஒழுக்கம் கெட்டவளாத்தான் இருப்பாள்.

அதனால்தான் நம்மவர்களே இந்தப் பட்டியலை இறுக்கிப் பிடித்தார்கள். தரங்கம்பாடி மிஷனில் 1733-இல் குருப்பட்டம் பெற்ற முதல் தமிழர் ஆரோன், வேளாளர். அதே மிஷனில் நெடுங்காலம் உபதேசியாராக உழைத்த இராஜநாயக்கன், பறையர். அவருக்குக் குருப்பட்டம் கிடைக்கவில்லை. அவர் கையால் திருவிருந்து வாங்க மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் ஒப்பமாட்டார்கள் என்பதே காரணம். நம் ஆள் பீடத்தில் நிற்க அதற்குப் பிறகு எத்தனையோ தலைமுறை ஆயிற்று. நின்ற பிறகும் ‘என்ன இருந்தாலும்…’ என்று இழுக்கிற வாய்கள் இருந்தன. அந்த வாய்களை அடைக்கிற பொறுப்பு ஐயர் பெஞ்சாதியின் முந்தானைக்கு வந்து சேர்ந்தது.

இதை நான் கேலி செய்ய மாட்டேன். கஞ்சி போட்டு, கரிப்பெட்டியில் தேய்த்த சேலையைக் கட்டிக்கொண்டு, காலில் செருப்போடு எங்கம்மா ஊர்த்தெருவில் நடந்தார். சேரிப் பெண்ணை ‘ஏய் இவளே’ என்று கூப்பிட்டுப் பழகின வாய், ‘வாங்கம்மா’ என்றது. அது சின்ன விஷயமில்லை. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைத்து மேலாடை போடும் உரிமைக்காகப் பல பத்தாண்டு அடிபட்டார்கள். 1859-இல்தான் அரசு இறங்கிவந்தது. உடுப்பு என்பது உடம்பை மூடுகிற துணி மட்டுமில்லை என்று அவர்களுக்குத் தெரியும், எங்கம்மாவுக்கும் தெரியும்.

ஆனால் அந்த மரியாதைக்கு ஒரு விலை இருந்தது. ‘மத்த சேரிப் பொம்பளைங்க மாதிரி இல்ல நம்ம ஐயரம்மா’ என்பார்கள். பாராட்டுத்தான். அதைக் கேட்டு அம்மா புன்னகைத்ததையும் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு வாக்கியத்தில் எங்க பெரியம்மா, அத்தை, ஆயா அத்தனை பேர்மேலும் அவதூறு இருக்கிறது. அவதூறு கூடாது என்பதுதானே அந்த நாலில் ஒன்று?

2001-ஆம் வருஷம். நான் எட்டாவது படிக்கிறேன். அறுப்புக் காலம். அப்பா பேராயக் கூட்டத்துக்குப் போயிருந்தார். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல கதவைத் தட்டுறாங்க. நாலைஞ்சு பொம்பளைங்க, நடுவுல ஒரு அக்கா. பேர் வேண்டாம். ஜாக்கெட் கிழிஞ்சு, மேல யாரோ துண்டு போட்டிருந்தாங்க. பாக்கிக் கூலி கேக்கப் போனவளை நிலத்துக்காரர் மகன் சாதியைச் சொல்லித் திட்டி, களத்துமேட்டுல எல்லார் முன்னாலயும் அடிச்சிருக்கான். அந்த அக்கா எங்க சபையில ஞானஸ்நானம் எடுத்தவங்கதான். புருஷன் விட்டுட்டுப் போனதுக்கப்புறம் இன்னொருத்தரோட வாழ்ந்தாங்க. அதனால நாலு வருஷமா அவங்களுக்குத் திருவிருந்து கிடையாது. கோயில்ல கடைசிப் பாயில உக்காந்திருப்பாங்க. எல்லாரும் எழுந்து பீடத்துக்குப் போறப்ப அவங்க மட்டும் தலையைக் குனிஞ்சுக்குவாங்க.

அம்மா ஒரு நிமிஷம்கூட யோசிக்கல. “வாங்கடி போவலாம்”னாங்க. என்னைத் தனியா விட முடியாம கூட்டிக்கிட்டு, ஸ்டேஷனுக்கு நடந்தே போனோம். அங்க இருந்த அதிகாரி வெள்ளைச் சேலையைப் பார்த்துட்டு, “நீங்க உக்காருங்கம்மா”ன்னார். அம்மாவுக்கு மட்டும் நாற்காலி. அம்மா உக்காரல. விஷயத்தைக் கேட்டுட்டு அவர் சொன்னார்: “எல்லாம் கோயிலுக்குப் போற ஆளுங்கதானே. கிறிஸ்தவங்களுக்கு பி.சி.ஆர். கேஸ் வராதும்மா, உங்களுக்குத் தெரியாததா? நீங்களே சொல்லுங்க, இவ உங்க சபைதானே?”

அம்மா ரொம்ப நேரம் பேசல. அப்புறம் சொன்னாங்க: “நாலு வருஷமா இவளுக்கு எங்க சபையில திருவிருந்து கிடையாது சார். இவள நாங்க சேத்துக்கல.”

அக்காவின் சாதிச் சான்றிதழில் இந்து ஆதிதிராவிடர் என்று இருந்தது, எங்க சபையில் பாதிப்பேர் சான்றிதழில் இருந்ததுபோலவே. விடியக்காலம் எப்.ஐ.ஆர். போட்டாங்க.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடியது. அம்மாமேல் ரெண்டு குற்றம். ஒன்று, ராத்திரி நேரத்தில் போலீஸ் ஸ்டேஷன் படியேறி ஐயர் வீட்டு மானத்தை வாங்கியது. ரெண்டு, சபைப் பிள்ளையைச் சபைப் பிள்ளை இல்லை என்று மறுதலித்தது. நாலு வருஷமாக அந்த அக்காவைக் கடைசிப் பாயில் உட்கார வைத்திருந்தவர்களுக்கு அன்றைக்குத்தான் அவள் சபைப் பிள்ளை என்பது ஞாபகம் வந்தது. அப்பா மன்னிப்புக் கடிதம் எழுதினார். அம்மா கையெழுத்துப் போடவில்லை.

அம்மா சொன்னது பொய்யா? இந்தக் கேள்வி என்னை வெகுகாலம் விடவில்லை. வார்த்தை அத்தனையும் மெய். ஆனால் கேட்டவர் அதிலிருந்து எதை முடிவு செய்வார் என்று அம்மாவுக்குத் தெரியும். பாதி உண்மை முழுப்பொய் என்பார்கள்.

அந்தக் கேள்வியைக் கேட்டது யார் என்று பார்க்க வேண்டும். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியினர் என்றது. 1956-இல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள். 1990-இல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றுவரை வெளியே நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் மதம் மாறிய நமக்குக் கிடைப்பது பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ். 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பட்டியலில் உள்ளவர்களுக்கு மட்டும்தான் குடை. 2025 ஏப்ரலில் ஆந்திர உயர்நீதிமன்றம், போதகர் ஒருவர் அந்தச் சட்டத்தின்கீழ் கொடுத்த புகாரை, கிறிஸ்தவராகிவிட்டவருக்கு இது பொருந்தாது என்று சொல்லி ரத்து செய்தது. அடிக்கிறவன் ஞானஸ்நானச் சீட்டைக் கேட்டுவிட்டு அடிப்பதில்லை. அவனுக்கு அவள் பறச்சி. சபைக்கு அவள் பாவி. அடிபட்ட பிறகு சட்டம் மட்டும் ‘நீ கிறிஸ்தவளா’ என்று கேட்கிறது. ஆமாம் என்றால் நியாயம் போகும், இல்லை என்றால் விசுவாசம் போகும். அப்படியொரு பொறிக்குள் நிற்பவளிடம் உண்மையை எதிர்பார்க்கிறவர், பொறி வைத்தவரிடம் முதலில் கணக்குக் கேட்கட்டும்.

வேதமும் இதை அறியும். எபிரெய ஆண்பிள்ளைகளைக் கொல்லச் சொன்ன பார்வோனிடம், சிப்பிராளும் பூவாளும் என்ற மருத்துவச்சிகள் ஒரு கதை சொல்லித் தப்பித்தார்கள். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அந்தப் பெண்கள் பெற்றுவிடுகிறார்கள் என்றார்கள். கடவுள் அவர்களுக்கு நன்மை செய்தார் என்று யாத்திராகமம் முதலாம் அதிகாரம் சொல்கிறது. எங்கம்மா அந்த அளவுக்குக்கூடப் போகவில்லை.

வாதம் இப்படி எனக்குச் சரியாக வந்துவிட்டது. பல வருஷம் கழித்து ஒருநாள் அம்மாவிடம் இதைச் சொன்னேன். அம்மா அரிசி புடைச்சிக்கினு இருந்தாங்க. நிமிர்ந்து பாக்காமயே சொன்னாங்க:

“நான் பொய் சொல்லல. ஆனா அத சொல்றப்ப எனக்கு வெக்கமா இருந்துது. அவளுக்கு அப்பம் குடுக்காதது யாரு? உங்கப்பாதானே. நாலு வருஷமா நானும் மொத வரிசையில உக்காந்து பாத்துக்கினுதானே இருந்தேன்? ஒரு வார்த்த கேட்டனா?”

நான் தப்பான இடத்தில் குற்றத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். ஸ்டேஷனில் சொன்ன ஒரு வாக்கியத்தைப் பிடித்து நான் நியாயம் பேசிக்கொண்டிருந்தபோது, அம்மா அந்த நாலு வருஷத்து மௌனத்துக்குக் கணக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த நாலு வருஷமும் அவருக்கு ‘ஒழுக்கமான ஐயரம்மா’ என்று நல்ல பேர். தெரிந்தும் தெரியாததுபோல் இருந்ததற்குக் கிடைத்த பேர். வாயைத் திறந்த ஒரே ராத்திரியில் அந்தப் பேர் போயிற்று.

அந்த அமைதி வசனத்தோடு எனக்குள்ள வழக்கு இதுதான். பெண்கள் ஞாயிறு வந்தால் நீதிமொழிகள் 31 வாசிக்கிறார்கள், குணசாலியான ஸ்திரீயைப் பற்றிப் பத்தாம் வசனத்திலிருந்து. அவளே வயலை வாங்கித் திராட்சை நடுகிறவள், துணி நெய்து வியாபாரிக்கு விற்கிறவள். சந்தைக்குப் போகாத பெண் இல்லை. அதை விடுங்கள். பத்தாம் வசனத்துக்கு முன்னால் என்ன இருக்கிறது? அந்த அதிகாரமே லேமுவேல் ராஜாவுக்கு அவன் தாய் சொல்லிக் கொடுத்தது. எட்டாம், ஒன்பதாம் வசனங்களில் பேச முடியாதவருக்காக, ஏழைக்காக வாயைத் திற என்று அவள் மகனுக்குச் சொல்கிறாள். சொல்கிறவள் ஒரு பெண். ஒரு வேத வசனம் பெண்ணை அமைதியாயிரு என்கிறது, இன்னொன்றில் பெண்ணே ராஜாவுக்குப் பேசக் கற்றுத் தருகிறாள். ரெண்டில் எதை எடுப்பது என்று சபை தேர்ந்தெடுக்கிறது. தேர்ந்தெடுத்துவிட்டு வேதத்தின்மேல் பழியைப் போடுகிறது.

இப்போது காலம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. 2013-இல் தென்னிந்தியத் திருச்சபையின் நந்தியால் பேராயத்துக்குப் புஷ்பலலிதா பேராயரானார், அத்திருச்சபையின் முதல் பெண் பேராயர். பெண் குருமார் வந்துவிட்டார்கள். என் தோழி ஒருத்தி குருவானவர். அவள் வீடு சந்திக்கப் போனால் ‘ஐயரம்மா வந்திருக்காங்க, ஐயர் எங்கம்மா?’ என்று தெருவை எட்டிப் பார்க்கிறார்களாம். ஐயரே நான்தான் என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துவிட்டது. சேலை நிறமும் சிரிப்பின் அளவும் அவளுக்கும் சொல்லப்படுகின்றன. அங்கி மாறியிருக்கிறது, பட்டியல் மாறவில்லை.

ஊழியத்துக்கு வரும் தங்கைகளுக்கும், ஊழியருக்கு வாழ்க்கைப்படப் போகும் தங்கைகளுக்கும் நான் சொல்வது ஒன்றுதான். தேய்த்த சேலை கட்டுங்கள், செருப்புப் போட்டு நடங்கள், அந்த மரியாதை நம்முடையது. ஆனால் உங்களைப் பாராட்டுகிற வாய், பாராட்டை யாருடைய தலைமேல் ஏறி நின்று சொல்கிறது என்று மட்டும் கவனியுங்கள்.

கடிதத்தில் கையெழுத்துப் போடாததற்குத் தண்டனையாக அடுத்த மே மாதம் எங்களுக்கு மாற்றல் வந்தது. அதுவரைக்கும் ஒவ்வொரு திருவிருந்து ஞாயிறும் அம்மா முதல் வரிசையிலிருந்து எழுந்தார். பீடத்துக்குப் போகவில்லை. கடைசிப் பாய்க்குப் போய் அந்த அக்கா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அப்பம் வாங்கவில்லை. அப்பா பீடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கமிட்டி அதை மூன்றாவது குற்றமாக எழுதிக்கொண்டது.

அந்த அக்கா மட்டும் அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.