சாரமும் ஊழும்

பென்னாகரம், பாப்பிரெட்டிப்பட்டிப் பகுதிகளிலிருந்து பெங்களூருக்கும் ஓசூருக்கும் கட்டட வேலைக்குச் செல்லும் தருமபுரி மாவட்டத்தாரிடையே, சாரத்திலிருந்து விழுந்து ஒருவர் இறந்தால் அதை விதி என்று சொல்லி ஆறுவது வழக்கமாதலால், வேலை தொடங்குமுன் பத்து நிமிடம் நடக்கும் பாதுகாப்புக் கூட்டம் ஊழ்க்கொள்கையோடு முரண்படுகிறதா என்ற வினா எழுகிறது. ஊழ், அதாவது முன்வினைப் பயன் தப்பாமல் வந்து சேரும் என்னும் கோட்பாட்டுக்கு 38ஆம் அதிகாரத்தை அளித்த திருக்குறளே, விடாமுயற்சியாகிய ஆள்வினையுடைமைக்கு 62ஆம் அதிகாரத்தையும் அளித்திருக்கிறது. மேலும், ஊழ் நிகழ்ந்தபின்னரே அறியப்படுவது. காலையில் அக்கூட்டத்தில் மேஸ்திரி சவுக்குக் கம்பத்தின் கயிற்றை இழுத்துப் பார்த்து, முடிச்சு நெகிழ்ந்திருப்பதைக் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் காட்டும்போது அங்கே இருப்பது ஊழ் அன்று, நெகிழ்ந்த முடிச்சே. மகனை இழந்த தாயின் வாயில் விதி என்பது ஆறுதல். ஒப்பந்ததாரரின் வாயிலோ அது கைகழுவும் வழி. 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் கட்டுமானத்திலிருந்த அடுக்குமாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தபோது, மின்னலே காரணம் என்ற விளக்கம் எழுந்தாலும், விசாரணை கட்டுமானக் குறைகளையே சுட்டியது. அத்தகைய குறை மேஸ்திரியின் கூட்டத்துக்கு எட்டாதது என்பதால், பொறுப்பு யாருடையது என்ற வினா பொறியாளரிடமும் முதலாளியிடமும் செல்கிறது.