பார்த்ததற்கு ஒரு பாக்கி

மாதக்கணக்கில் ஊர் சுற்றுகிற ஆசாமிகள் இப்போது பெருகிவிட்டார்கள். வேலையை உதறிவிட்டோ, லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டோ பைக்கில் கிளம்பிவிடுகிறார்கள். வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, இறங்கி, ராமேஸ்வரத்தைத் தொட்டு, அப்படியே கடலோரமாக வடக்கே... பொறாமையாகத்தான் இருக்கிறது!

நீங்களும் போயிருப்பீர்கள். பெட்ரோலுக்குக் கொடுத்தாச்சு, ரூமுக்குக் கொடுத்தாச்சு, டோல்கேட்டிலும் அழுதாச்சு. சரி, பார்த்த காட்சிக்கு? அதற்காக யாருக்காவது நாம் கடன்பட்டிருக்கிறோமா?

'மலையும் கடலும் பொதுச்சொத்து. இதிலென்ன கடன்?' என்பீர்கள். நான் பி.காம். படித்தவன். ஒரு பக்கம் வரவு இருந்தால் இன்னொரு பக்கம் பற்று இருந்தே தீரவேண்டும் என்று தலையில் குட்டிச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்.

வால்பாறையில் கண் குளிரப் பார்க்கிறோமே, அந்தப் பச்சையில் பெரும்பகுதி காடு இல்லை. காட்டை வெட்டிப் போட்ட தேயிலைத் தோட்டம். அதற்குக் கூலிகள் என்ன விலை கொடுத்தார்கள் என்று அங்கே டாக்டராக இருந்த பி.எச்.டேனியல் 1969-ல் ஒரு நாவலே எழுதினார். தமிழில் 'எரியும் பனிக்காடு'.

மலையை விட்டுப் பாண்டிச்சேரிக்கு வாருங்கள். கடற்கரைச் சாலையில் கருங்கல் மேல் அலை மோதுவதை ரசிக்காதவர் உண்டா? அந்தக் கல் ஏன் வந்தது? 1980-களின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் தடுப்புச் சுவர் கட்டினார்கள். நம் கிழக்குக் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். சுவர் அதை மறித்துவிட்டது. நகரத்தின் மணற்பரப்பு கரைந்தது. நகரத்தைக் காப்பாற்றக் கல்லைக் கொட்டினார்கள். கடல் சும்மா இருக்குமா? பசியோடு வடக்கே போனது.

வடக்கே இருப்பது கோட்டக்குப்பம். அதையொட்டிய தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் என்று மீனவர் குடியிருப்புகளின் கரையைத் தின்றது. அங்கேயும் கல் கொட்டினால், அரிப்பு இன்னும் கொஞ்சம் வடக்கே! படகை இழுத்து நிறுத்த, வலையைக் காயப்போட மணல் வேண்டும். கல் மேல் எதைக் காயப்போடுவது? நாம் சுண்டல் சாப்பிட்டபடி பார்க்கும் அலை அங்கே பற்று எழுதப்பட்டிருக்கிறது.

இன்னும் முப்பது கிலோமீட்டர் போனால் மரக்காணம். கண்ணாடி பதித்த மாதிரி உப்புப் பாத்திகள், வெள்ளை வெள்ளையாகக் குவியல்கள். வண்டியை ஓரங்கட்டி ஒரு போட்டோ. வானத்தில் மேகமும் திரண்டிருந்தால், "க்ளைமேட் சூப்பர்ல?" என்போம். அதே மேகத்தைப் பார்த்து அளத்தில் நிற்பவருக்கு வயிற்றைக் கலக்கும். கோடையில் ஒரு மழை அடித்தால் பாத்தியில் விளைந்தது பாத்தியிலேயே கரையும். நமக்கு வேண்டாத வெயில்தான் அவருக்குச் சோறு. அந்த வெயில் உப்பில் பட்டுக் கண்ணைக் கூசும். காலில் ஒரு கீறல் இருந்தால் உப்புத் தண்ணீர் அதை ஆறவிடாது. பருவமழை தொடங்கிவிட்டால் அளத்தில் வேலையே கிடையாது. அந்த மழைக்காலத்துக்கென்று 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கத் தமிழக அரசு 2022-ல்தான் ஆரம்பித்தது.

இந்த மரக்காணம்தான் சங்க காலத்து எயிற்பட்டினம் என்று அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். சிறுபாணாற்றுப்படை, பாணனை அந்த வழியாகத்தான் அனுப்புகிறது. அதுவும் ஒரு டிராவல் கைடுதான் சார்! ஆனால் இன்றைய கைடுகளில் வியூ பாயின்ட் இருக்கிறது. அதில் வீடுகள் இருக்கின்றன. எயிற்பட்டினத்தில் பரதவர் சுட்ட மீன் கொடுப்பார்கள், வேலூரில் எயினர் வீட்டில் புளிச்சோறு, ஆமூரில் உழவர் வீட்டில் சோறும் நண்டும். பாணன் கையில் காசில்லை. ஒவ்வொரு வாசலிலும் நின்று பேசித்தான் ஆகவேண்டும். நம் கையில் காசு இருக்கிறது. யாரிடமும் பேசாமலே நானூறு கிலோமீட்டர் போய்விடுகிறோம்.

'அதுக்காக ஊர் சுத்தவே கூடாதா?' தாராளமாகச் சுற்றுங்கள். குற்ற உணர்ச்சியால் யாருக்கும் பைசா பிரயோஜனம் இல்லை. அதையும் போட்டோ மாதிரி வீட்டுக்கு எடுத்துவந்து மறந்துவிடுவோம். மரக்காணத்தில் கேமராவைத் தூக்குவதற்கு முன்னால், "அண்ணே, எடுத்துக்கலாமா?" என்று கேளுங்கள். மூட்டை என்ன விலைக்குப் போகிறது, நாள் கூலி எவ்வளவு, போன மழையில் எவ்வளவு போச்சு என்று விசாரியுங்கள். சொல்வார்கள்.

வீட்டுக்கு வந்ததும் உங்கள் சமையலறை உப்புப் பாக்கெட்டைத் திருப்பி, அதில் போட்டிருக்கும் விலையைப் படியுங்கள்.