எழுதுகிறவளின் பங்கு

ஒரு கூட்டாளி மாதாமாதம் முதல் தேதியன்று நிறுவனத்திலிருந்து 2,000 ரூபாய் எடுக்கிறார். எடுப்புகள் மீது வட்டி ஆண்டுக்கு 6 சதவீதம். மொத்த எடுப்பு 24,000. சராசரிக் காலம் ஆறரை மாதம். வட்டி 780 ரூபாய். பி.காம். இரண்டாம் ஆண்டில் இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இருந்தவள் பேனாவை மூடி வைத்துவிட்டாள். "ஏளா, இந்த வட்டிய எழுதுற நமக்கும் அதுல பங்கு உண்டா?" என்றாள். "இன்னும் ஆறு ரூபா கூட வந்திருந்தா 786 ஆயிருக்கும்" என்று நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

காயல்பட்டினத்தில் வாவு வஜீஹா வனிதையர் கல்லூரியில் வணிகவியல் படிக்கிற பெண்ணுக்கு இது விளையாட்டுக் கேள்வி இல்லை. சின்ன வயதில் ஓதப்போன இடத்திலேயே அந்த ஹதீஸ் காதில் விழுந்திருக்கும். வட்டி வாங்குபவர், கொடுப்பவர், அதை எழுதுபவர், சாட்சி நிற்கும் இருவர் எல்லாரையும் நபி (ஸல்) சபித்தார்கள், பாவத்தில் எல்லாரும் சமம் என்றார்கள் என்று ஜாபிர் (ரலி) அறிவிப்பதாக ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. வாங்குபவரை விடுங்கள். எழுதுபவர் என்ன செய்தார்? அவர் கைக்கு ஒரு பைசா வரவில்லை. எழுதத் தெரிந்திருந்தது, எழுதினார், அவ்வளவுதான். அந்த எழுதத் தெரிவதைத்தானே நாங்கள் மூன்று வருடம் கட்டணம் கட்டிப் படித்தோம்?

அதே கூட்டாண்மைப் பாடத்தில் ஒரு ஆறுதலும் வந்தது. 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் சொல்லாவிட்டால் கூட்டாளியின் முதலுக்கு வட்டி கிடையாது. நாங்கள் மகிழ்ந்து முடிப்பதற்குள், முதலுக்கு மேல் கடனாகக் கொடுத்த பணத்துக்கு 6 சதவீதம் உண்டு என்று அதே பிரிவு சொல்லிவிடுகிறது.

கேள்வியை வீட்டுக்குக் கொண்டுபோனேன். எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைக்கு; மாப்பிள்ளைதான் வந்து இருப்பார். அதனால் நான் உம்மாவின் வாப்பாவோடு வளர்ந்தவள். அவரை அப்பா என்போம். மார்க்க அறிஞர் ஸதக்கத்துல்லாஹ் அப்பா பிறந்த ஊரில் அந்தச் சொல்லுக்குப் பாட்டனார் என்று பொருள். அப்பாவுக்கு ஆறுமுகநேரி போகும் பக்கம், கொஞ்சம் பள்ளத்தில், ஒரு மளிகைக் கடை. கல்லாப் பெட்டிக்கு மேல் பற்று நோட்டு தொங்கும். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் பிஸ்மில்லாஹ்வுக்குப் பதிலாக 786.

அப்பா ஆலிம் அல்ல. கேட்டதும் பதில் சொல்லவுமில்லை. இஷா தொழுதுவிட்டு வந்தபிறகு, "பகரா சூராவுல கடன எழுதுறதப் பத்தி ஒரு பெரிய ஆயத்து இருக்குல்ல, அதையும் பாத்துட்டு வந்து கேளும்மா" என்றார்.

பார்த்தேன். 282-ஆம் வசனம். குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் அதுதான். சொர்க்கத்தைப் பற்றியோ நரகத்தைப் பற்றியோ இல்லை, கடனை எழுதிவைப்பதைப் பற்றி. தவணை குறித்த கடனை எழுதிக்கொள்ளச் சொல்கிறது. சிறியதோ பெரியதோ, எழுதச் சலிக்காதீர்கள் என்கிறது. கையோடு கை மாறும் வியாபாரத்தை எழுதாவிட்டால் குற்றமில்லை என்று ரொக்க விற்பனைக்கு விலக்குத் தருகிறது. நடுவில், எழுதத் தெரிந்தவர் எழுத மறுக்கக் கூடாது என்று ஒரு கட்டளை. அல்லாஹ் கற்றுக்கொடுத்தபடி அவர் எழுதட்டும் என்று.

ஆக, ஒரு பக்கம் எழுதினால் சாபம், மறுபக்கம் எழுத மறுக்காதே. பி.காம். படிப்பு இந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது.

அந்த வசனத்தில் என்னைக் குத்திய இடமும் உண்டு. அதைச் சொல்லாமல் தாண்டினால் கணக்கை மறைத்தவள் ஆவேன். சாட்சிக்கு இரண்டு ஆண்கள் இல்லாவிட்டால் ஓர் ஆணும் இரண்டு பெண்களும்; ஒருத்தி தவறினால் மற்றவள் நினைவூட்டுவாள் என்கிறது. அந்தக் காலத்துப் பெண்களுக்குக் கொடுக்கல் வாங்கலில் பழக்கம் குறைவு, அதனால் என்று விளக்குபவர்கள் இருக்கிறார்கள். அப்படி விளக்கவே கூடாது என்பவர்களும் இருக்கிறார்கள். நான் கவனித்தது வேறு. சாட்சிக்குச் சொன்ன அந்த எண்ணிக்கை எழுதுபவருக்குச் சொல்லப்படவில்லை. எழுதுபவருக்கு வைத்த நிபந்தனை நீதி ஒன்றுதான்.

ஆனால் என்னை உண்மையில் நிறுத்தியது இன்னொரு வரி. எழுதுபவருக்கு வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன் வாங்கியவர். கொடுத்தவர் இல்லை. வாங்கியவரால் சொல்ல முடியாவிட்டால் அவருடைய பொறுப்பாளர் சொல்லவேண்டும்.

எந்தக் கடையில் இப்படி நடக்கிறது? பற்று நோட்டை எழுதுபவர் கடைக்காரர். வாங்கியவர் எட்டிப் பார்த்துத் தலையாட்டுவார், எழுதப் படிக்கத் தெரியாவிட்டால் அதுவும் இல்லை. இரட்டைப் பதிவு முறை வந்தும் இது மாறவில்லை. 1494-இல் வெனிஸில் அச்சான நூலில் அந்த முறையை விளக்கி எழுதிய லூகா பசியோலி ஒரு பிரான்சிஸ்கன் துறவி. பாடப்புத்தகம் அவருடைய பெயரையும் வருடத்தையும் மட்டும் ஒரு மதிப்பெண் கேள்விக்காகத் தருகிறது. கணக்கேட்டைக் கடவுளின் பெயரோடு தொடங்கவேண்டும் என்று அவர் சொன்னதை விட்டுவிடுகிறது. அப்பாவின் 786, எதிர்க்கடை நாடார் போடும் பிள்ளையார் சுழி, வெனிஸ் வியாபாரியின் சிலுவை எல்லாம் ஏட்டின் தலையில்தான் இருக்கின்றன. அதற்குக் கீழே பேனா இருப்பது கொடுத்தவர் கையில்.

ரமலான் வந்தால், ஸக்காத் கணக்கில், அப்பாவுக்கும் எனக்கும் வேறு ஒரு வழக்கு. இறுதிச் சரக்கிருப்பை அடக்கவிலை, சந்தைவிலை இரண்டில் எது குறைவோ அதில் மதிப்பிடு என்கிறது முன்னெச்சரிக்கை மரபு. வராத இலாபத்தை எழுதாதே என்பது அதன் உட்பொருள். ஸக்காத் கணக்கில் அது செல்லாது. வருடம் முடியும் நாளில் சரக்கு என்ன விலை பெறுமோ அதுதான். 80,000 ரூபாய்க்கு வாங்கிய சரக்கு 92,000 பெறும் என்றால் 92,000-க்கு இரண்டரை சதவீதம். நான் கல்லூரியில் படித்தபடி 80,000 போட்டேன். அப்பா பார்த்துவிட்டு, "முந்நூறு ரூபா யார் வூட்டுப் பணம்?" என்றார். இரண்டு முறைகளும் அச்சத்தில் பிறந்தவைதான். என் முறை, கடைக்காரர் தன் சொத்தை ஊதிக் காட்டிவிடுவாரோ என்று அஞ்சுகிறது. அவருடையது, ஏழைக்குப் போகவேண்டியது குறைந்துவிடுமோ என்று. இதில் தேதித் தகராறு வேறு: எங்கள் நிதியாண்டு மார்ச் 31-இல் முடியும், அவருடைய வருடம் 354 நாளில் முடிந்துவிடும்.

இரண்டாம் ஆண்டிலேயே பற்று நோட்டை நான் எடுத்துக்கொண்டேன். அப்பாவின் கிறுக்கலை ஒழுங்குபடுத்தி, ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கி, பற்று இடது, வரவு வலது என்று ஜெல் பேனாவில் பேரேடு போட்டேன். அவ்வளவு அழகாக இருந்தது.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. மழை நிற்கவே இல்லை. மறுநாள் காலைவரை 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் பதிவானது. தாமிரபரணியும் குளங்களும் ஊர் ஊராக உடைத்துக்கொண்டு வந்தன. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்றுபோன மழை அது. எங்கள் கடையில் தண்ணீர் கல்லாவுக்கு மேல் ஏறி, வடிய நாளானது. அரிசி மூட்டை வீங்கி வெடித்திருந்தது. நோட்டைப் பிரித்தேன். அப்பா பால்பாயிண்ட் பேனாவில் கிறுக்கிய பழைய பக்கங்கள் சேறு படிந்தும் வாசிக்கக்கூடியதாக இருந்தன. என் பேரேடு முழுக்க வெளிர்நீலக் கறை. பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் மை பற்றி ஒரு அலகு சேர்க்கலாம்.

கடன் மிக அதிகமாக நின்ற மாதமும் அதுதான். ஆறுமுகநேரி உப்பளங்களில் மழைக்காலத்தில் வேலை இருக்காது. அந்த மாதங்களில் உப்பளத்துக் குடும்பங்கள் கடனில்தான் அரிசி பருப்பு வாங்கும். சிங்கித்துறை மீனவர்களுக்கும் கடல் சரியில்லை. தை பிறந்து உப்பு வாரத் தொடங்கினால்தான் வசூல்.

அப்பா புது நோட்டு ஒன்று வாங்கிவரச் சொன்னார். முதல் பக்கத்தில் 786 போட்டார். "வாறவங்க சொல்லட்டும். நீ எழுது" என்றார்.

அப்படித்தான் அந்த வசனம் எங்கள் கடையில் நடந்தது. பக்தியால் இல்லை, வேறு வழி இல்லாததால். ஆறுமுகநேரியிலிருந்து வந்த ஓர் அம்மா 1,150 என்றார். எனக்கு நினைவிருந்தவரை 900 சொச்சம். "இல்ல பாப்பா, கடைசியா எண்ணெ வாங்குனேன்லா" என்று பிடிவாதமாக நின்றார். எழுதினேன். இன்னொருவர் 1,500 என்றார். அவர் பாக்கி 4,000-க்குக் குறையாது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும், தலையை நிமிர்த்தினேன். அப்பா என் முகத்தைப் பார்க்காமல், "ஆயிரத்தி அஞ்நூறு. எழுது" என்றார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. கடனாளி அல்லாஹ்வுக்கு அஞ்சி, எதையும் குறைக்காமல் சொல்லட்டும் என்றும் அதே வசனத்தில் இருக்கிறது. ஆனால் அந்த எச்சரிக்கை அவருக்கு. குறைத்துச் சொன்னதைக் கூட்டி எழுத எழுதுபவருக்கு அனுமதி இல்லை.

சிலர் வரவே இல்லை. படகை இழந்த ஒரு சிங்கித்துறைக்காரர் வந்து சொல்லிவிட்டுப் போனார்; அவருடையதை அப்பா விட்டுவிட்டார். நான் வாராக்கடன் கணக்கில் பற்று வைத்தேன். பிறகு உறுத்தியது. வராமல் போனால்தானே வாராக்கடன்? இது வேண்டாமென்று விட்டது. வியாபாரத்தின் நட்டமாக எழுதினால் அப்பா செய்தது தொலைந்துபோன மூட்டையோடு சேர்ந்துவிடும். அடித்துவிட்டு எடுப்புகள் கணக்கில் வைத்தேன்: உரிமையாளர் தன் கைப்பணத்தை எடுத்துக் கொடுத்ததாக. தேர்வில் மதிப்பெண் கிடைக்குமோ தெரியாது. அந்தத் தொகையை ஸக்காத்தில் கழிக்கலாமா என்று அப்பா ஆலிமிடம் கேட்டார். நம் ஷாஃபி மத்ஹபில் கடனை விட்டுக்கொடுப்பது மட்டும் ஸக்காத் ஆகாது, கொடுப்பது அவர் கைக்குப் போய்ச் சேரவேண்டும் என்றார். அப்பா தனியாகக் கொடுத்தார்.

இப்போது நான் திருச்செந்தூரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் டேலியில் கணக்கு ஏற்றுகிறேன். அதற்கு முன் நகைக்கடன் நிறுவனம் ஒன்றில் வேலை வந்தது, போகவில்லை. அங்கே என் கையெழுத்தில்தான் கடன் பிறக்கும். இங்கே யாரோ எப்போதோ செய்த ஒப்பந்தத்தின் வட்டி, வங்கிக் கணக்கிலிருந்து வந்து என் திரையில் விழுகிறது. நடந்ததை நடந்ததென்று எழுதுகிறேன், மறைத்தால்தான் பொய். வங்கிக் கடனுக்காகத் தயாரிக்கும் சி.எம்.ஏ. டேட்டாவை மட்டும் என்னிடம் தரவேண்டாம் என்று சேர்ந்த அன்றே சொன்னேன். ஆடிட்டர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, அடுத்த மேசைக்குத் தள்ளினார். அடுத்த மேசையில் இருப்பவளும் எங்கள் ஊர்தான்.

அந்த ஹதீஸில் உள்ள எழுதுபவர் ஒப்பந்தத்தை உண்டாக்குபவர், நான் பதிவை வாசித்து வகைப்படுத்துபவள் என்று பிரித்துக்கொண்டிருக்கிறேன். ஆலிம்களிலும் இப்படிப் பிரிப்பவர்கள் உண்டு, ஒப்புக்கொள்ளாதவர்களும் உண்டு. என் சம்பளம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் தப்பும்படி வாகாகக் கோட்டைக் கிழித்துக்கொண்டேனோ என்ற சந்தேகம் மாதக் கடைசியில் வரும். அன்று பேனாவை மூடி வைத்தவள் வங்கித் தேர்வுக்குப் படிக்கிறாள். அவளிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை.

வெள்ளம் வடிந்து இரண்டு மாதம் இருக்கும். ஒரு சிறுவன் கடைக்கு வந்து ஓர் உறையைக் கல்லாவில் வைத்துவிட்டு ஓடினான். உள்ளே 1,740 ரூபாய். உறைமேல் "கடப் பாக்கி" என்று மட்டும் எழுதியிருந்தது. யாருடையது என்று அப்பாவுக்கும் பிடிபடவில்லை; அந்தத் தொகைக்குப் பொருந்துகிற பெயர் எதுவும் புது நோட்டில் இல்லை. இப்படிப்பட்ட பணத்துக்கு எங்கள் பாடத்தில் ஓர் இடம் உண்டு: அனாமத்துக் கணக்கு. பாக்கி, வசூல் போல அதுவும் அரபியிலிருந்து வந்த சொல். அமானத் என்றால் நம்பி ஒப்படைத்தது. வருட முடிவுக்குள் அனாமத்தைத் தீர்த்துவிடவேண்டும் என்று கற்றுக்கொடுத்தார்கள். இரண்டு மார்ச் 31 போய்விட்டது. ஒவ்வொரு ஏப்ரலிலும் புது நோட்டில் 786 போட்டு, அனாமத்து வரவு 1,740 என்று மேலே எடுத்து எழுதுகிறேன், பால்பாயிண்ட் பேனாவில்.