கீழாநெல்லிக்கு எது சான்று?

கீழாநெல்லி கல்லீரலைக் காக்கும் என்பது தமிழ்நாட்டில் தலைமுறைகளாக வழங்கிவரும் சொல். செடியை வேரோடு பிடுங்கி அரைத்து, மோரில் கலக்கிக் காமாலைக்குக் கொடுப்பார்கள். இந்தச் சொல்லை அறிவாக ஏற்க எது போதும்? சைவ சித்தாந்தம் காட்சி (நேரில் காண்பது), கருதல் (ஊகித்தறிவது), உரை (சான்றோர் சொல்) மூன்றையும் அளவைகளாக, அதாவது அறிவுக்கான வழிகளாகக் கொள்கிறது. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் விளக்கும் பௌத்த அளவை நெறியோ காட்சியும் கருத்தும் (அதாவது கருதலும்) போதும் என்கிறது. மற்றவை கருத்தினுள் அடங்கும். அந்தக் கருத்தளவை கடுமையானது. புகையால் நெருப்பை நிறுவ, இரண்டும் சேர்ந்திருக்கும் அடுக்களையைக் காட்டினால் மட்டும் போதாது. நெருப்பில்லாத இடத்தில் புகையும் இல்லை என்று காட்ட வேண்டும். அந்த நெருப்பில்லாத இடம்தான் விபக்கம்.

மருந்தால் கெடும் கல்லீரலின் விஷயத்தில் இந்த விபக்கம் இன்றியமையாதது. காசநோய்க்கு ஐசோநயாசிட் உட்கொள்ளும் சிலருக்கு ரத்தத்தில், கல்லீரல் சேதத்தைக் காட்டும் எஸ்ஜிபிடி நொதி ஏறும். பெரும்பாலோருக்கு மாத்திரையை நிறுத்தாமலே அது இறங்கியும் விடும். இடையில் மூலிகைச் சாறு குடித்திருந்தால் பெயர் சாற்றுக்குப் போகும். குடிக்காதவருக்கும் இறங்கியதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆய்வுக்கூடம் அதை எண்ணிப் பார்க்கிறது. பாராசிட்டமால் அளவு மீறும்போது கல்லீரலில் நாப்கி என்னும் நச்சு பெருகி, அதை முறிக்கும் குளுடாதயோன் தீர்ந்துபோகிறது, செல்கள் மடிகின்றன. கீழாநெல்லிச் சாரம், நிலவேம்பின் ஆண்ட்ரோகிராஃபோலைடு, பால் நெருஞ்சிலின் சிலிமரின் ஆகியவை எலிகளில் இந்தச் சேதத்தைக் குறைத்திருக்கின்றன. மூலிகை பெறாத எலிகளும் அருகில் இருப்பதால் இது நல்ல சான்றுதான். ஆனால் எலிக்கு மட்டும். பல சோதனைகளில் மூலிகை முதலில், நஞ்சு பிறகு. மனிதர் வருவதோ நஞ்சு உள்ளே போன பிறகு. அந்த நேரத்துக்கு உறுதிப்பட்ட முறிமருந்து அசிட்டைல்சிஸ்டீன். எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் பெரும்பாலும் கல்லீரல் தப்பிவிடும். இன்னொரு சிக்கலும் உண்டு. சில தாவரப் பொருள்கள், மருந்தை நஞ்சாக்கும் நொதியையே தடுத்து எலியைக் காக்கின்றன. அந்த நொதியை நம்பியுள்ள பிற மருந்துகளின் போக்கும் அதனால் மாறக்கூடும்.

மனிதரிடமும் ஒரு தேர்வோடு கேள்வி முடிவதில்லை. எஸ். பி. தியாகராஜன், பரூக் பிளம்பர்க் குழு சென்னையில் நடத்தி 1988இல் வெளியிட்ட ஆய்வில், கீழாநெல்லி பெற்ற ஹெபடைடிஸ் பி தொற்றாளர்களில் 59 விழுக்காட்டினரின் ரத்தத்திலிருந்து வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்தது. வெற்று மருந்து பெற்றவர்களில் 4 விழுக்காடுதான். பிற இடங்களில் பின்னர் நடந்த ஆய்வுகளில் அந்த விளைவு கிட்டவில்லை.

இதனால் உரை பயனற்றதாகிவிடாது. ஆயிரக்கணக்கான செடிகளில் எதைச் சோதிப்பது என்று வழிகாட்டியது அதுதான். தீங்கைப் பற்றித்தான் அது போதிய எச்சரிக்கை தருவதில்லை: மிளகுச் சாரம் சேர்த்த மஞ்சள் மாத்திரைகளும் பச்சைத் தேயிலைச் சாரமும் சிலரின் கல்லீரலையே கெடுத்திருக்கின்றன.

ஒப்பீட்டுக்காக ஒரு சாராருக்கு மூலிகையை மறுப்பது அறமா என்ற கேள்வியும் எழுகிறது. நிலைபெற்ற சிகிச்சை இரு சாராருக்கும் ஒன்றுபோலக் கிடைக்கும்வரை அது அநீதியாகாது. மறுக்கப்படுவது நன்மைதானா என்பதே இன்னும் நிறுவப்படவில்லை.